சத்தத்துக்குப் பூட்டிய வால்வு

சுபைறா வேன் ஓட்டுவதைக் கல்முனையில் யாரும் தடுக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊர் கோபித்துக்கொள்ளும். தடுக்கவில்லை, ஒதுக்கித்தான் வைத்தார்கள்.

வேனை வாங்கியது அவளுடைய கணவன் அப்ராஸ். ஆழ்கடல் வள்ளத்தில் போய்ச் சேர்த்த காசில், இனிக் கரையிலேயே பிழைக்கலாம் என்று வாங்கினான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவனுக்கு நித்திரை வந்துவிடும். கடலில் இரவெல்லாம் கண்ணிமைக்காமல் கிடந்த மனிதன், தார் றோட்டைக் கண்டதும் கொட்டாவி விடுவான். ஒரு நாள் பட்டப்பகலில் நிந்தவூருக்கு அங்கால் வேனை வயலுக்குள் இறக்கிவிட்டான். சில்லுகள் பாதிக்குச் சேற்றில் புதைய, நாற்றுக்கு நடுவில் வேன் நின்றது. அன்றைக்கே சாவியை எடுத்து மனைவியின் கையில் கொடுத்துவிட்டான். சுபைறா சம்மாந்துறையில் பிறந்தவள், வாப்பாவின் வயலில் டிரக்டர் ஓட்டிப் பழகியவள். முறையாக லைசன்ஸ் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

சாய்ந்தமருதில் இருந்து மருதமுனையில் உள்ள நெசவு நிலையத்துக்குப் பெண்களை ஏற்றிப் போவதும், பின்னேரம் திரும்பக் கூட்டி வருவதும் அவளுடைய அன்றாட ஓட்டம். நேர் வழி கல்முனை நகரத்துக்குள்ளால் போகும் பிரதான வீதி. ஆனால் வேன் சங்கத்தின் தலைவர் நூஹு காக்கா முதல் கிழமையே அவளைக் கூப்பிட்டு அன்பாகச் சொன்னார்.

“நீங்க கடக்கரை றோட்டால போங்க புள்ள. மெயின் றோட்டுல பஸ், ஓட்டோ, மாடு எல்லாம் குறுக்க வரும். ஒங்களுக்கு ஏன் அந்தக் கரச்சல்?”

சுபைறா அதை அக்கறை என்றே எடுத்துக்கொண்டாள். கடற்கரை வீதியால் போனாள். அங்கே காற்று மணலை அள்ளிக் கண்ணாடியில் எறியும். வீதிக்குக் குறுக்கே வலை காயும். மாரி பிறந்தால் குழி எது குளம் எது என்று தெரியாது. வேனின் வில்லுத்தகடு இரண்டு தரம் முறிந்தது. அதையும் பொறுத்துக்கொண்டாள். சந்தைக்கு முன்னால் உள்ள வேன் தரிப்பிடத்தில் ஒரு நாள் போய் நின்றபோதுதான் விஷயம் விளங்கியது. கண்டிக்கும் கொழும்புக்கும் ஹயருக்கு, வாடகைக்கு, வேன் தேடி வருகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். வரிசையின் கடைசியில் இரண்டு வேன் நிற்கும் அளவுக்கு இடம் கிடந்தது.

“இடமில்ல புள்ள,” என்றார் நூஹு காக்கா, அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே.

சுபைறா வேனைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஆனால் அந்தச் சொல் உள்ளே கிடந்து அறுத்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, கடற்கரை வீதியில் மதகு வேலை நடந்ததால் நகரத்துக்குள்ளால் போக வேண்டி வந்தது. சந்தியில் ஓட்டோக்கள் அடைத்துக்கொண்டு நின்றன. சுபைறா ஹோர்ன் அடித்தாள். ஓட்டோக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டு, “பொம்பிள ஓட்டுது, நிக்கட்டும்,” என்று பக்கத்தவனிடம் சொன்னது கண்ணாடி இறக்கியிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. வேனுக்குள் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த நேரம் பின்னால் நூஹு காக்காவின் வேன் ஒன்று வந்தது. ஓட்டியவன் அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துக் கியர் மாற்றினான். ‘புஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சீறல். ஓட்டோக்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. அந்த வேன் சுபைறாவையும் முந்திக்கொண்டு போய்விட்டது.

ஊரில் பொடியன்மார் அந்தச் சாமானை ‘புஸ்’ என்றே சொல்வார்கள். அதன் பேர் புளோ-ஓஃப் வால்வு. டர்போ உள்ள வாகனத்தில் அடைபட்ட காற்றை வெளியே விடுகிற வால்வு அது. அந்த வருடம் கல்முனையில் அது பூட்டாத வேனை வேன் என்றே யாரும் மதிக்கவில்லை.

பின் இருக்கையில் இருந்த றிஸ்லா, வாயாடி, தறியில் கை போகிற வேகத்துக்கு வாயும் போகும், எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “ராத்தா, நம்மட வேனுக்கும் அந்தப் புஸ்ஸப் பூட்டுங்களன்.”

எல்லோரும் சிரித்தார்கள். சுபைறா சிரிக்கவில்லை. பெண்களை இறக்கிவிட்டு நேரே றாஸிக்கின் கராஜுக்குப் போனாள்.

றாஸிக் அவளுடைய வேனை ஆரம்பத்தில் இருந்தே பார்க்கிறவன். கேட்டதும் கைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“இது பெற்றோல் காருக்கான சாமான் தங்கச்சி. பெற்றோல் எஞ்சின்ல கால எடுத்தா உள்ளுக்க ஒரு கதவு டப்பெண்டு சாத்தும். டர்போ தள்ளின காத்துப் போக வழியில்லாம திரும்பி டர்போவுக்கே அடிக்கும். அந்தக் காத்த வெளிய விடத்தான் இந்த வால்வு. ஒங்கட டீசல்ல கதவு அப்பிடிச் சாத்துறதில்ல, காத்து முட்டுறதும் இல்ல. இதப் பூட்டி ஒரு புண்ணியமும் இல்ல.”

“அப்ப அவனுகள்ர வேனெல்லாம் எப்பிடிச் சீறுது? அதுவும் டீசல்தானே?”

“அது ஏமாத்து. அக்சிலேட்டருக்குக் கீழ ஒரு சுவிச்ச வெச்சிரிக்காங்க. கால எடுத்த ஒடன கரண்ட் போய் வால்வத் திறக்கும். எஞ்சினுக்குப் போற நல்ல காத்து சும்மா வெளிய போகும். சத்தம் மட்டும்தான் மிச்சம்.”

“சத்தம் போதும். அந்த ஏமாத்த எனக்கும் பூட்டுங்க.”

றாஸிக் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “விளங்கித்தான் கேக்கிறீங்களா?”

“ஓம் காக்கா. வேகம் வேணாம் எனக்கு. இவ்வளவு நாளும் ஆருக்கும் கேக்காம ஓடிட்டன். இனிக் கேக்கட்டும்.”

பூட்டினான். டர்போவில் இருந்து காற்றுப் போகும் குழாயை இடையில் வெட்டி, வால்வை இரண்டு போல்ட்டால் இறுக்கினான். வெட்டிய பழைய குழாய்க்குப் பதிலாகப் புதிது ஒன்று எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டான். “நாளைக்குத் தேவைப்படும்,” என்று முணுமுணுத்ததை அவள் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் சுபைறா கடற்கரை வீதிக்குத் திரும்பவில்லை. பிரதான வீதியால் வந்தாள். கல்முனைக்குடி தாண்டியதும் கியர் மாற்றினாள். புஸ்ஸ்ஸ். தேங்காய்க் கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே திரும்பினார். சந்தியில் ஓட்டோக்கள் பழக்கத்தில் ஒதுங்கின. ஒதுங்கிய பிறகுதான் ஓட்டுவது யார் என்று பார்த்தார்கள். வேனுக்குள் பெண்கள் கை தட்டினார்கள். றிஸ்லா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, “போறம் போறம், வழிய விடுங்க!” என்று கத்தினாள். சுபைறா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் மாற்றத் தேவையில்லாத இடத்திலும் கியர் மாற்றினாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் நூஹு காக்கா வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் மணம். அப்ராஸ் அவசரமாகக் கதிரையைத் துடைத்துப் போட்டான். தேத்தண்ணி வந்தது. நூஹு காக்கா கோப்பையைத் தொடாமலே தொடங்கினார்.

“புள்ள, அந்தச் சத்தம் சரியில்ல. சனம் கதைக்குது.”

“என்னண்டு கதைக்குது காக்கா?”

“பொம்பிளயள் போற வேன் இப்பிடிச் சீறிக்கிட்டுப் போகலாமா எண்டு.”

“ஒங்கட வேன் எல்லாமும் சீறுதே. அதுலயும் பொம்பிளயள் போறாங்கதானே.”

“அத ஓட்டுறது பொடியன்மாரு.”

“அப்ப சத்தத்துல குத்தமில்ல. ஓட்டுற ஆளுலதான் குத்தம். அத நேர சொல்லுங்க, நானும் நேர கேப்பன்.”

அப்ராஸ் தொண்டையைச் செருமினான். நூஹு காக்காவின் முகம் கறுத்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. சூறாவளியில் ஊர் இடிந்து கிடந்தபோது தன் வேன்களை இலவசமாக ஓடவிட்டவர். ஆனால் தான் வரைந்த கோட்டுக்குள் எல்லோரும் நிற்க வேண்டும் என்று நினைப்பவர். அந்தக் கோடு மற்றவர்களின் வீட்டு முற்றத்துக்குள்ளால் போவது அவருக்குத் தெரியாது.

“சங்கத்துல கதைச்சாச்சு,” என்றார். “அதக் கழட்டுங்க. பழையபடி கடக்கரை றோட்டால போங்க. இல்லாட்டி சங்கத்துல இருந்து பேர வெட்டுவம்.”

“தரிப்பிடத்துல நிக்க விடாத சங்கத்துல என்ட பேர் கிடந்தென்ன, வெட்டினா என்ன? வெட்டுங்க காக்கா. தேத்தண்ணி ஆறுது, குடிங்க.”

அவர் குடிக்காமலே எழும்பிப் போனார். அப்ராஸ் படலை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

“நீ சொன்னது சரிதான் சுபைறா. ஆனா எனக்குப் படபடக்குது. புயலுக்குள்ள வள்ளம் ஓடினவன் நான், எனக்கே படபடக்குது.”

“எனக்கும்தான்,” என்றாள் சுபைறா. அப்போதுதான் இருவரும் சிரித்தார்கள். ஆறிய தேத்தண்ணியை அவனே குடித்தான்.

சொன்னபடி சங்கம் பேரை வெட்டியது. சுபைறாவும் விடாமல் பிரதான வீதியால் ஓடினாள். ஆனால் மூன்றாவது சண்டைக்காரனாக எஞ்சினும் வந்து சேர்ந்தது. வேன் முன்பு போல இழுக்கவில்லை. பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கியது. பின்னால் கறுப்புப் புகை எழும்பியது. றாஸிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு உடனே சொன்னான்.

“வால்வு சரியா மூடுதில்ல. காத்துக் கசியுது. டீசல் போற அளவுக்குக் காத்துப் போகாட்டிப் புகைக்கும்தானே. இப்பிடியே ஓடினா டர்போவும் போயிரும். கழட்டுவம்.”

“இப்ப ஏலாது.”

“ஏன்?”

“இப்ப கழட்டினா அவருக்குப் பயந்து கழட்டின மாதிரி. ஊரெல்லாம் சிரிக்கும்.”

“எஞ்சினுக்கு நூஹு காக்காவத் தெரியாது தங்கச்சி,” என்றான் றாஸிக். “அதுக்குக் காத்தத்தான் தெரியும்.”

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கோபம் வந்தது. வேனை எடுத்துக்கொண்டு போனாள்.

கண்டியில் கைத்தறிக் கண்காட்சி வந்தது. நெசவு நிலையத்துப் பெண்கள் சாரிகளையும் சாரங்களையும் மூட்டையாகக் கட்டி வேனில் ஏற்றினார்கள். நூலுக்குச் சாயம் போடுகிற செல்லத்தங்கமும் வந்தாள். பெரியநீலாவணைக்காரி, விரல் நகங்களில் எப்போதும் நீலமோ சிவப்போ ஒட்டியிருக்கும். வழிக்குச் சாப்பிட முறுக்கை ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தில் நிரப்பி மடியில் வைத்துக்கொண்டாள். விடிந்ததும் புறப்பட்டார்கள். அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை வரைக்கும் பாட்டும் கூத்துமாகப் போனது.

மலையில் பதினெட்டு வளைவு தொடங்கியது. முதல் சில வளைவுகளில் வேன் முனகியது. பிறகு அக்சிலேட்டரை நிலம் தொட மிதித்தும் எறும்பு போல ஊர்ந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் றோட்டே தெரியவில்லை, அவ்வளவு புகை. இன்னொரு வளைவில் வேன் ஒரேயடியாகச் சோர்ந்துபோக, ஓரமாக நிறுத்தி, சில்லுக்குக் கல் வைக்கச் சொன்னாள். பெண்கள் இறங்கி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கீழே இருந்து ஒரு வேன் ஏறி வந்தது. நூஹு காக்காவின் வேன், கண்டிக்கு ஹயர். ஓட்டியவன் மெதுவாக்கி, அவளையும் புகையையும் நன்றாகப் பார்த்துவிட்டுக் காலை எடுத்தான். புஸ்ஸ்ஸ். போகும்போதே போனைக் காதில் வைப்பது தெரிந்தது. தான் கல்முனைக்குத் திரும்ப முன்னமே கதை போய்ச் சேர்ந்துவிடும் என்று சுபைறாவுக்கு விளங்கியது.

வளைவின் ஓரக் கட்டில் போய் இருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. மானமா, எஞ்சினா என்று தன்னையே கேட்டாள். பின்னால் மூட்டைகளில் இருந்தது அவளுடைய மானம் இல்லை. அந்தப் பெண்கள் மாதக்கணக்காக நெய்த துணி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

முன் இருக்கையைத் தூக்கி மூடியைத் திறந்தாள். எஞ்சின் அனல் முகத்தில் அடித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு கையை விட்டு வால்வைத் தடவினாள். உள்ளே இருந்த தண்டு திறந்தபடியே இறுகி நின்றது. தட்டினாள், அசையவில்லை. டர்போ தள்ளுகிற காற்றெல்லாம் அந்த ஓட்டையால்தான் போகிறது. ஓட்டையை அடைத்தால் போதும். எதால் அடைப்பது? சுற்றிப் பார்த்தாள்.

“அக்கா, அந்தத் தகரத்தத் தாங்க.”

“முறுக்கு இருக்கு புள்ள,” என்றாள் செல்லத்தங்கம்.

“முறுக்கத் தின்னுங்க. எனக்கு மூடி மட்டும் போதும்.”

மூடியைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். துணி வெட்டுகிற கத்தரிக்கோல், றிஸ்லா கொடுக்கும்போதே முகத்தைச் சுளித்தாள். தகரத்தை மடித்து, ஸ்பேனரால் வால்வைக் கழற்றி, அதன் அடியில் வைத்து, போல்ட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். கீழே போகும் கரண்ட் வயரைப் பிடுங்கி எறிந்தாள். ஸ்டார்ட் பண்ணி மிதித்தாள். கறுப்புப் புகை குறைந்தது.

“ஏறுங்க கா எல்லாரும்!”

வேன் ஏறியது. ஒரு சத்தமும் இல்லாமல், ஆனால் இழுத்துக்கொண்டு ஏறியது. வளைவுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. பின்னால் பெண்கள் முறுக்கைக் கடிக்கிற சத்தம்தான் கேட்டது. கண்டிக்குப் பிந்தித்தான் போனார்கள், நல்ல இடமெல்லாம் மற்றவர்கள் பிடித்துவிட்டார்கள். மூலையில் கிடைத்த இடத்தில் கடை விரித்தார்கள். பின்னேரத்துக்குள் செல்லத்தங்கம் சாயம் போட்ட நீலச் சாரி ஒன்றும் மிஞ்சவில்லை.

ஊருக்கு வந்த அடுத்த நாள் சுபைறா றாஸிக்கிடம் போய், “கழட்டுங்க,” என்றாள். “உள்ளுக்க வேணாம். றோட்டோரமா, எல்லாரும் பாக்கிற இடத்துல வெச்சிக் கழட்டுங்க.”

அவன் பத்திரமாக வைத்திருந்த புதுக் குழாயை எடுத்து வந்தான். வால்வை அவளே கழற்றினாள். அவன் குழாயை மாட்டினான். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கோப்பையோடு வெளியே வந்து பார்த்தார்கள். கதை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் நூஹு காக்காவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவர் முகத்தில் மெய்யாகவே நிம்மதி இருந்தது.

“அல்ஹம்துலில்லாஹ். நல்ல முடிவு எடுத்தீங்க புள்ள. மலையில நிண்ட கதை கேள்விப்பட்டன். போகட்டும். பேரத் திருப்பிப் போடச் சொல்றன். நாளையில இருந்து பழையபடி கடக்கரை றோட்டால...”

“காக்கா,” என்றாள் சுபைறா. கையில் கிறீஸ் ஒட்டியிருந்தது, வால்வு இன்னும் கையில்தான் இருந்தது. “மலையில நிண்டது மெய். புகைச்சதும் மெய். இந்தச் சாமான் டீசலுக்குத் தேவையில்லாத சாமான், அத எனக்குப் பூட்டக்குள்ளயே தெரியும். எஞ்சினுக்காகக் கழட்டிட்டன். ஒங்கட சொல்லுக்குக் கழட்டல. ஒங்கட வேன்கள்லயும் கழட்டுங்க, டர்போ தப்பும்.”

தேத்தண்ணிக் கடையில் யாரோ சிரித்தார்கள்.

“றோட்டு வேற கதை. நாளைக்கும் மெயின் றோட்டாலதான் வருவன். பொம்பிளயள இறக்கிப்போட்டுத் தரிப்பிடத்துல வந்து நிப்பன். சத்தமில்லாமத்தான் வருவன். ஆனா வருவன்.”

நூஹு காக்கா மோட்டார் சைக்கிளைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினார். அது முதல் உதையில் எழும்பவில்லை. இரண்டாவது உதையில்தான் எழும்பியது.

மறுநாள் அவள் வந்தாள். வரிசையின் கடைசி இடத்தில் வேனை விட்டாள். ஒருவன் முன்னால் தன் வேனை ஒட்ட நிறுத்தினான். இன்னொருவன் பின்னால் நிறுத்தினான். ஓர் அடி அசைய முடியாது. சுபைறா எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கைப்பைக்குள் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தாள். பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். இருந்தாள். பின்னேரம் பெண்களைக் கூட்டப் போக வேண்டிய நேரம் நெருங்கியபோது, மருதமுனையில் இருந்து அவர்களே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். றிஸ்லா போன் பண்ணி விசாரித்து எல்லோரையும் கிளப்பியிருக்கிறாள். வந்தவர்கள் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். சந்தைக்கு வந்த சனம் நின்று பார்த்தது. “என்ன புதினம்?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் றிஸ்லா யன்னலுக்குள்ளால் விளக்கம் சொன்னாள், கொஞ்சம் கூட்டியும் சொன்னாள். கேட்ட சனம், தரிப்பிடத்தில் நின்ற நூஹு காக்காவைப் பார்த்தது. கடைசியில் அவர் பின் வேன்காரனைப் பார்த்துக் கையை அசைத்தார். அவன் பின்வாங்கினான்.

அடுத்த நாளும் வந்தாள். சில்லு ஒன்றில் காற்று இறக்கியிருந்தார்கள். பம்ப் கொண்டு வந்து அடித்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. ஹயர் கேட்டு வந்தவர்களை அவளுடைய வேனைத் தாண்டிக் கூட்டிப் போனார்கள். அவள் போகவில்லை. அப்ராஸ் சோற்றுப் பார்சலோடு சைக்கிளில் வந்து, முன் இருக்கையில் இருந்து அவளோடு சாப்பிட்டுவிட்டு, அங்கேயே நித்திரையும் கொண்டான்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் இருந்தபோது, யாரோ கண்ணாடிப் பக்கம் தட்டினார்கள். மலையில் அவளைப் பார்த்துச் சீறிக்கொண்டு போன அதே பொடியன். அக்கரைப்பற்றுக்கு ஹயர் கிடைத்திருக்கிறது போல, அவசரத்தில் நின்றான்.

“ராத்தா, கொஞ்சம் முன்னால எடுங்களன். என்ட வேன் வெளிய வரணும்.”

சுபைறா சாவியைப் போட்டாள். முன்னால் எடுத்துக் கொடுத்தாள். அவன் கையை உயர்த்திவிட்டுப் போனான். அவள் வேனைப் பின்னுக்கு எடுத்து, மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினாள்.